எல்லாருக்கும் இருபது

மூன்றாம் ஆண்டு நர்சிங் படிக்கும்போது என்னிடம் மூன்று நோட்டுகள் இருந்தன. நோயாளிப் பராமரிப்புக்கு ஒன்று, நெறிமுறைக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று. மூன்று நிற மையில் அடிக்கோடிட்டு வைத்திருப்பேன். தேர்வில் மதிப்பெண்ணும் நன்றாகத்தான் வரும். அந்த மூன்று நோட்டும் ஒரே இரவில், ஒரே கட்டிலருகே சேர்ந்து வந்து என் கையைப் பிடித்த கதை இது. பெருமைப்பட ஒன்றுமில்லை. தப்பு என்னுடையது.

அறுவை சிகிச்சை வார்டு, இரவு டியூட்டி. பத்து மணிச் சுற்றில் பிபி, நாடி, காய்ச்சல், சாச்சுரேஷன் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), மூச்சு எண்ணிக்கை எல்லாம் பார்த்துச் சார்ட்டில் எழுதுவது என் வேலை. மூச்சைத் தவிர மற்றதை ஒழுங்காகத்தான் பார்த்தேன். மூச்சுக் கட்டத்தில் மட்டும் எல்லாருக்கும் இருபது. ஏன் இருபது? அதற்கு முந்தைய கட்டத்தில் இருபது இருந்தது. அதற்கு முன்னாலும் இருபது. மாலை டியூட்டியில் எழுதியவரும் முந்தைய கட்டத்தைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். மற்ற எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது, அதுவே எண்ணைக் காட்டிவிடும். மூச்சுக்கு மட்டும் ஒரு முழு நிமிடம் சும்மா நிற்க வேண்டும். வார்டு நிறைய ஆட்கள், எல்லாருக்கும் ஒரு நிமிடம் என்றால் அரை மணி நேரம் போய்விடும். அப்போது அது நியாயமான சிக்கனமாகவே பட்டது.

வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து அன்று மாலைதான் வார்டுக்கு வந்திருந்தார் ஒரு அம்மா. வலிக்கு மார்ஃபின் போயிருந்தது. மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. சாச்சுரேஷன் 97. பிபியும் சரி. "தூக்கம் தூக்கமா வருதும்மா" என்றார். "நல்லா தூங்குங்க, அதுதான் உடம்புக்கு நல்லது" என்று போர்வையை இழுத்துவிட்டு, 20 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் சுற்றி வந்தார். சார்ட்டைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். நாடி பிடிப்பதுபோல அந்த அம்மாவின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, மார்பையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"எத்தனைன்னு எழுதியிருக்க?"

"இருபது, சிஸ்டர்."

"எண்ணினியா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"எட்டு" என்றார்.

அடுத்த சில நிமிடங்களில் அவர் செய்ததை வரிசை மாறாமல் சொல்ல முடியும். தோளைத் தட்டிச் சத்தமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மா கண்ணைத் திறந்து பதில் சொல்ல ஆரம்பித்து, பாதி வாக்கியத்திலேயே மறுபடி தூங்கிப்போனார். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்மணி இரண்டும் ஊசிமுனை அளவு. தலைப்பக்கத்தை உயர்த்தினார், ஆக்சிஜனைக் கூட்டினார், "இனி மார்ஃபின் போடக்கூடாது, டாக்டருக்குப் போன் பண்ணு" என்றார். நான் பண்ணினேன். "சார், அந்த ஆபரேஷன் பேஷண்ட் கொஞ்சம் சரியில்லை சார்." எதிர்முனையில் "என்ன சரியில்லை?" என்ற கேள்வி வந்தது. என்னிடம் பதில் இல்லை. சிஸ்டர் போனை வாங்கி நாலே வாக்கியம் பேசினார். இன்ன நோயாளிக்கு மூச்சு நிமிடத்துக்கு எட்டு, எழுப்பினால் விழித்து உடனே தூங்கிவிடுகிறார். இன்று வயிற்று அறுவை சிகிச்சை, இத்தனை மணிக்கு இவ்வளவு மார்ஃபின் போனது. மார்ஃபின் மூச்சை அமுக்குகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் உடனே வர வேண்டும், நலாக்சோன் எடுத்து வைக்கிறேன். (மார்ஃபினின் வேலையை முறிக்கும் மருந்து அது.)

நிலைமை, பின்னணி, மதிப்பீடு, வேண்டுகோள். எஸ்பார் (SBAR) என்ற பெயரில் இந்த நாலையும் நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முறை அது. தூக்கத்திலிருந்து எழுந்து போனை எடுக்கும் ஒருவருக்கு அரை நிமிடத்தில் படம் தெளிவாக வேண்டும், அவ்வளவுதான். மாணவிகள் பெரும்பாலும் கடைசி வாக்கியத்தை விழுங்கிவிடுவார்கள். டாக்டரிடம் "வாங்க" என்று சொல்ல நாம் யார் என்ற கூச்சம். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் முதல் மூன்றும் வெறும் செய்தி. மறுமுனை "சரி, பாத்துக்கோ" என்று வைத்துவிடும்.

டாக்டர் வந்து நலாக்சோனைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார். மொத்தமாகப் போட்டால் மூச்சு திரும்பும்போதே அறுவை சிகிச்சை வலியும் ஒரேயடியாகத் திரும்பிவிடும். மூச்சு பத்து, பன்னிரண்டு என்று ஏறியது. அப்பாடா என்று நான் நகரப் பார்த்தேன். "எங்க போற? இந்த மருந்து சீக்கிரம் தீர்ந்துடும், மார்ஃபின் இன்னும் உள்ளதான் இருக்கும்" என்று சிஸ்டர் என்னைப் பக்கத்திலேயே உட்காரவைத்தார். விடியும்வரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணினேன். அன்று எண்ணிய மூச்சு அதற்குமுன் இரண்டரை வருடத்தில் எண்ணியதைவிட அதிகம் இருக்கும்.

நோயாளிப் பராமரிப்பு நோட்டில் இருக்க வேண்டியது என்று அன்று கற்றவை இவை. மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்து மூச்சை அமுக்குவதற்கு முன் பெரும்பாலும் மயக்கத் தூக்கத்தைத்தான் காட்டும். அந்த அம்மா அதை வாய்விட்டே சொன்னார், நான் போர்வையைச் சரிசெய்தேன். ஆக்சிஜன் ஓடும் நோயாளிக்குச் சாச்சுரேஷன் 97 காட்டுவது மூச்சு சரியாக இருப்பதற்குச் சாட்சி இல்லை. உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போனாலும் அந்த எண் வெகுநேரம் அழகாகவே நிற்கும். மூச்சை எண்ணும்போது எண்ணப்போகிறேன் என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு முழு நிமிடம் எண்ணுங்கள். 15 நொடி எண்ணி நாலால் பெருக்குவது மெதுவான மூச்சில் பெரிய பிழையைக் கொண்டுவரும்.

பிறகு வந்த நியூஸ்-2 அட்டவணையைப் பார்த்தபோது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் வெளியிட்டு 2017-ல் திருத்திய மதிப்பெண் முறை அது, நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்டுவதற்கு. மூச்சு 12 முதல் 20 வரை என்றால் பூஜ்ஜியம். 9 முதல் 11 வரை ஒன்று. 21 முதல் 24 வரை இரண்டு. 25-க்கு மேல் போனாலும் 8-க்குக் கீழே வந்தாலும் மூன்று, சரியாக 25, 8 என்றாலும் அதே மூன்றுதான். ஒரே அளவீட்டில் மூன்று வந்தாலே அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும். நான் எழுதிய 20 அந்த அம்மாவுக்குப் பூஜ்ஜியம் போட்டிருக்கும். சார்ட் சிரித்துக்கொண்டிருக்க, ஆள் போயிருப்பார்.

சட்ட நோட்டு திறந்தது அதன்பிறகுதான். நோயாளி நிலைப்பட்டதும் நான் செய்த முதல் காரியம், சார்ட்டை எடுத்து 20-ஐ 8 ஆக்கப் பேனாவை வைத்தது. இரண்டு ஒரு கோட்டில் மறைந்துவிடும், பூஜ்ஜியத்தை எட்டாக்க ஒரு சுழி போதும். சிஸ்டர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இதுவரைக்கும் பண்ணது தப்பு. இனிமே பண்றது குற்றம்."

ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பதைப் படிக்க முடிகிறமாதிரி. பக்கத்தில் "தவறான பதிவு", தேதி, நேரம், கையெழுத்து. கீழே புதுப் பதிவு: இத்தனை மணிக்கு மூச்சு எண்ணப்பட்டது, நிமிடத்துக்கு 8. யார் எண்ணினார், யாருக்குச் சொல்லப்பட்டது, எத்தனை மணிக்கு டாக்டர் வந்தார், என்ன மருந்து எவ்வளவு, அதற்குப்பின் மூச்சு என்ன. வெள்ளை மை, மேலெழுத்து, கிழித்த தாள் எதுவும் கூடாது. பின்னால் ஞாபகம் வந்ததைச் சேர்ப்பதானால் "தாமதப் பதிவு" என்று எழுதி, எழுதுகிற நேரத்தையும் நடந்த நேரத்தையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். கொடுக்காத மருந்துக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போடாதீர்கள், அடுத்தவர் செய்த வேலைக்கும் போடாதீர்கள். "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதைவிட, அவர் என்ன சொன்னார், என்ன செய்தார் என்பதை எழுதுங்கள். முன்னது உங்கள் எரிச்சல், பின்னதுதான் பதிவு.

தனியாக ஒரு சம்பவ அறிக்கையும் எழுதினேன். அது தண்டனைக்கு அல்ல, அதே பள்ளத்தில் இன்னொருவர் விழாமலிருக்க என்றார்கள். நான் நம்பவில்லை, அழுதுகொண்டேதான் எழுதினேன். "தெரியாமல்" "அவசரத்தில்" என்றெல்லாம் நான் போட்டிருந்த சொற்களை சிஸ்டர் அடித்துவிட்டார். "எண்ணவில்லை" என்ற ஒரு சொல் மிஞ்சியது.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் கவனக்குறைவு வழக்கில் கேட்கும் நாலு கேள்வி பல இடங்களில் ஒன்றுதான்: கடமை இருந்ததா, அது மீறப்பட்டதா, நோயாளிக்குக் கேடு வந்ததா, அந்த மீறலால்தான் வந்ததா. முதல் இரண்டுக்கும் என் பதில் ஆமாம். மூன்றாவதும் நான்காவதும் இல்லாமல் போனதற்குக் காரணம் நான் இல்லை, சிஸ்டரின் கடிகாரம். அந்த நோட்டில் இந்த நாலையும் பச்சை மையில் எழுதியிருந்தேன். அவற்றுக்கு நடுவில் ஒரு ஆள் படுத்திருப்பார் என்று அப்போது தோன்றியதில்லை.

மாணவிகள் எப்போதும் கேட்பது: "நாங்க ஸ்டூடண்ட்தானே, எங்க மேல எப்படி வழக்கு வரும்?" 1986-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்த்த ஒரு வழக்கை அவர்களுக்குச் சொல்வேன். குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் அளவு பார்க்க, இளநிலை மருத்துவர் ஒருவர் குழாயைத் தமனிக்குப் பதில் சிரையில் செருகிவிட்டார். அனுபவமில்லை என்பதற்காகத் தராதரத்தைக் குறைக்க முடியாது, அந்த இடத்தில் நிற்பவருக்கு அந்த இடத்தின் தராதரம்தான் என்றது நீதிமன்றம். ஆனாலும் அவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்லவில்லை. காரணம், தான் செய்ததைச் சரிபார்க்கும்படி மேலே இருந்தவரிடம் கேட்டிருந்தார். மேலவர் பிழையைக் கவனிக்கவில்லை, பொறுப்பு அவர் பக்கம் போனது. (1988-ல் உச்சபட்ச மேல்முறையீட்டில் இதே வழக்கு நாலாவது கேள்வியில் சிக்கிக்கொண்டது. குழந்தையின் பார்வை போனதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம் என்று மறுவிசாரணைக்கு அனுப்பினார்கள்.) ஆகவே மாணவிக்கு இருக்கிற பெரிய சட்டப் பாதுகாப்பு ஒரு வாக்கியம்: "இதை நான் தனியாகச் செய்ததில்லை, கூட வாங்க." சொல்ல வெட்கமாக இருக்கும். சொல்லுங்கள்.

நெறிமுறை நோட்டு காலையில் திறந்தது. அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக விழித்திருந்தார். எனக்கு இருந்த ஆசை, இது இப்படியே போய்விட வேண்டும் என்பது. டாக்டரும் சிஸ்டரும் போய் ராத்திரி நடந்ததை எளிமையாகச் சொன்னார்கள்: வலி மருந்து மூச்சைக் குறைத்தது, அதை நாங்கள் முதலிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும், ஒரு சுற்றில் எண்ணாமல் விட்டுவிட்டோம், மன்னிக்க வேண்டும். "விட்டுவிட்டோம்" என்றார்கள், "விட்டுவிட்டாள்" என்று சொல்லவில்லை. நான் காலடியில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, "நான்தான் தூக்கமா வருதுன்னு சொன்னேனேம்மா" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், தன்னுரிமை, நீதி என்று நாலு கொள்கையையும் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு அந்த ஒரு வரிக்குப் பதில் தெரியவில்லை. "ஆமாம்மா, சொன்னீங்க. நான் கேக்கலை" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

எண்ணாமல் எழுதுவது மூச்சோடு நிற்பதில்லை. அதற்குப் பிறகு பார்க்கிற இடமெல்லாம் அதே இருபது வேறு வேடத்தில் தெரிய ஆரம்பித்தது.

ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலில் ஆறாத புண்ணோடு ஒரு ஐயா. "கையெழுத்து வாங்கிட்டு வா" என்று என்னிடம் படிவத்தைக் கொடுத்தார்கள். "எங்க போடணும்?" என்றார், காட்டினேன். பேனாவை வைத்துக்கொண்டே, "புண்ணைச் சுத்தம் பண்ணப் போறாங்களா, இல்ல காலையே எடுக்கப் போறாங்களா?" என்று கேட்டார். படிவத்தில் இருந்தது காலை எடுப்பது. கையெழுத்து வாங்கிவிட முடியும், அவர் தயாராகத்தான் இருந்தார். நான் படிவத்தோடு திரும்பிப் போனேன். டாக்டருக்கு எரிச்சல்தான், ஆனால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கினார். அந்த ஐயா ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் அவரே கையெழுத்திட்டார். சிகிச்சையையும் அதன் ஆபத்தையும் மாற்று வழிகளையும் விளக்குவது அதைச் செய்கிறவரின் கடமை. சாட்சியாக நாம் போடும் கையெழுத்துக்கு அர்த்தம், இவர்தான் அவர், தெளிந்த மனநிலையில், யாரும் நெருக்காமல் கையெழுத்திட்டார் என்பது. அவருக்குப் புரியவில்லை என்று தெரிந்தபின் சாட்சி போட்டால் அதுவும் எண்ணாத இருபதுதான். இன்னொன்று: மயக்கம் தரும் முன்மருந்து போனபிறகு வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை.

மூக்கில் சாப்பாட்டுக் குழாயைப் பிடுங்கிக்கொண்டே இருந்த ஒரு தாத்தாவிடம், "இன்னொரு தடவை இழுத்தீங்கன்னா கையைக் கட்டிடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எனக்கு விளையாட்டு, அவர் கண்ணில் பயம். பல நாட்டுச் சட்டங்களில் அந்தப் பயத்தை உண்டாக்குவதே தனிக் குற்றம். சம்மதமில்லாமல் தொடுவது இன்னொன்று, கட்டிவைப்பது மூன்றாவது. உண்மையில் அவர் ஏன் இழுத்தார் என்று யாரும் பார்க்கவில்லை. பிளாஸ்திரி குழாயை மூக்குத் துளையின் ஓரத்தில் அழுத்திப் பிடித்து, அந்த இடம் சிவந்து புண்ணாகியிருந்தது. மாற்றி ஒட்டினோம், இழுப்பது நின்றது. கட்டலாமா கூடாதா என்ற பெரிய கேள்வி பல நேரம் இப்படி ஒரு பிளாஸ்திரியில் தீர்ந்துபோகும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, வலியா, திடீர்க் குழப்பமா என்று முதலில் பாருங்கள். இழுத்த குழாய் இடம் மாறியிருக்கும், ஆகவே மறுபடி உணவு கொடுக்குமுன் உள்ளிருந்து எடுத்த திரவத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. காற்றைத் தள்ளி வயிற்றில் சத்தம் கேட்பதை நம்பாதீர்கள், நுரையீரலில் குழாய் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும்.

மருந்தில் இருபது எப்படி வரும் என்றால், "செக் பண்ணிட்டேன், நீயும் ஒரு கையெழுத்துப் போடு" என்று வரும். இன்சுலின், ஹெப்பாரின், மார்ஃபின் மாதிரி மருந்துகளுக்கு இரண்டு பேர் சரிபார்ப்பது என்றால் இருவரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு விடையை ஒப்பிடுவது. முதலாமவர் விடையைச் சொல்லிவிட்டால் இரண்டாமவர் அதைத்தான் பார்ப்பார். 1 மில்லியில் 10 மி.கி. மார்ஃபின், வேண்டியது 4 மி.கி. என்றால் 0.4 மில்லி. முன்னால் பூஜ்ஜியம் போடாமல் ".4" என்று எழுதினால் 4 ஆகப் படிக்கப்படும். "1.0" என்று வால் வைத்தால் 10. கணக்கின்படி ஒரு டோஸுக்கு நாலைந்து ஆம்பியூல் (ஊசி மருந்துக் குப்பி) உடைக்க வேண்டி வந்தால், கணக்கைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். டிரிப்ஸுக்கு: 1000 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் 20,000-ஐ 480-ஆல் வகுக்க, நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. மில்லிக்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில் கணக்கே வேண்டாம், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேரடியாக நரம்பில் தள்ளாதீர்கள், இதயம் நின்றுவிடும். யார் சொன்னாலும்.

இரத்தம் ஏற்றும்போது முதல் 15 நிமிடம் பக்கத்தில் நில் என்பார்கள். நின்றதாக எழுதிவிட்டு நகர்வது சுலபம். இரத்தம் ஒத்துக்கொள்ளாமல் வரும் கடுமையான எதிர்வினை பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வரும். குளிர், முதுகுவலி, மூச்சிரைப்பு என்று எது வந்தாலும் உடனே நிறுத்தி, செட்டையே மாற்றி, சலைனை ஓடவிட்டு, டாக்டரைக் கூப்பிடுங்கள். பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இரத்த வங்கிக்கு அது வேண்டும்.

நோயாளியின் விஷயத்தை லிஃப்டில் பேசுவது, போனில் படம் எடுப்பது பற்றியெல்லாம் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பேர் இல்லை, முகம் தெரியவில்லை என்ற சமாதானம் மட்டும் செல்லாது. புண்ணைப் பார்த்தே அடையாளம் சொல்லும் உறவினர்கள் உண்டு.

இப்போது மாணவிகள் என்னோடு டியூட்டிக்கு வருகிறார்கள். முதல் வாரம் சார்ட்டை அவர்களிடம் கொடுக்க மாட்டேன். வெற்றுத் தாளில் எல்லா அளவையும் எழுதிக்கொண்டு வர வேண்டும், பிறகுதான் சார்ட். முந்தைய கட்டம் கண்ணில் படக்கூடாது, அதற்காகத்தான். தாமதமாகிறது என்று மற்ற சிஸ்டர்கள் முணுமுணுப்பார்கள், உண்மையாகவே தாமதம்தான்.

சமீபத்தில் ஒரு பெண் கொண்டுவந்த தாளில் ஒருவருக்கு மூச்சு 20 என்று இருந்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டே போய், அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணினேன். இருபதுதான். திரும்பினால் அந்தப் பெண் பின்னாலேயே நிற்கிறாள்.

"அந்த நம்பரைப் பாத்தா நீங்க வருவீங்கன்னு சீனியர் அக்கா சொன்னாங்க சிஸ்டர். அதான் ரெண்டு தடவை எண்ணினேன்."